ஏழு நாள் கணக்கு

"ஏழு நாள் ஆச்சுடா, ஊத்திடலாம்" என்றான் அறை நண்பன். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வாடகை அறை, மே மாதம். வாளியில் பீர் போட்டிருந்தான். குமிழி நின்றுவிட்டது, அதனால் புளித்து முடிந்தது என்பது அவன் கணக்கு. கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் கண்ணாடி பாட்டில்களில் அடைத்தான். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு வெடித்தன. மூன்றாவதை வெளியே வைக்கத் தூக்கியபோது அது கையிலேயே வெடித்தது. நாலு தையல். ஆஸ்பத்திரியில் சோடா பாட்டில் என்று பொய் சொன்னோம்.

அந்தப் பொய்யைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

எத்தனை நாள் என்பது தப்பான கேள்வி. ஈஸ்ட்டுக்குக் காலண்டர் தெரியாது. சர்க்கரை மிச்சமிருக்கும்வரை வாயு வரும். மூடிய பாட்டிலில் அதற்குப் போக வழியில்லை. குமிழியையும் நம்ப முடியாது: மூடி கசிந்தால் நின்றுவிடும், வெயில் ஏறினால் வேலை முடிந்த பிறகும் வரும். ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்க்க வேண்டும். 1.050-ல் தொடங்கியது 1.010 பக்கம் இறங்கி, இரண்டு மூன்று நாள் அதே எண்ணில் நின்றால்தான் பாட்டில். அவ்வளவுதான் விஷயம்.

கொடுமை என்னவென்றால், என் நண்பன் ஆலையில் பேட்டரி பராமரிப்பு பார்க்கிறவன். ஆசிட்டின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் பார்க்காமல் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடமாட்டான். அறைக்கு வந்ததும் நாள் எண்ணினான். ஏன்? குற்றம் என்று பெயர் வைத்த வேலையை யாரிடம் கேட்டுக் கற்பது?

இந்த அறியாமையை நாம் சட்டம் போட்டு வளர்த்திருக்கிறோம். பனை 1978 முதல் மாநில மரம். அதன் கள்ளுக்கு 1987 முதல் தடை. பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே இருப்பது கலயத்தில் தடவிய சுண்ணாம்பும் சில மணி நேரமும்தான். சுண்ணாம்பு குறைந்தால் காலையில் பதநீர், மதியம் குற்றம். அந்த அளவு பனையேறியின் கைக்குத் தெரியும். சட்டம் அந்தக் கையை அறிவாக மதிக்கவில்லை, சந்தேகப்பட்டது. ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, ஆந்திரா. அங்கே உரிமம் வாங்கிக் கள் இறக்கலாம். அதே பனை, அதே ஈஸ்ட்.

கள்ளில் கலப்படம் வரும் என்பார்கள். வரும்; மயக்க மருந்து கலந்த கதையெல்லாம் நிஜம்தான். ஆனால் தடை கலப்படத்தை நிறுத்தியதா? 2023-ல் மரக்காணம் பக்கம், 2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். கொன்றது புளிப்பு இல்லை, மெத்தனால். பனையிலிருந்து இறங்கியதல்ல, எங்களைப் போன்ற ஆலைப் பகுதிகளில் டிரம்மில் புழங்கும் சரக்கு. எத்தனாலா மெத்தனாலா என்று நாக்கால் சொல்ல முடியாது, சோதனையால் முடியும். பெயரைப் பார்த்துத் தடுக்கிற அரசு பொருளைச் சோதிப்பதில்லை. ஏழு நாள் எண்ணிய என் நண்பன் செய்ததும் அதுதான்.

யாழ்ப்பாணத்தில் பனங்கள் போத்தலில் விற்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் சேகரிக்கின்றன. புளிப்பைச் சூட்டால் நிறுத்தி அடைக்கிறார்கள். எப்போது அடைப்பது என்ற கேள்விக்கு அங்கே பதில் சொல்லப் பொறுப்பான ஆள் இருக்கிறார்.

எல்லாரும் குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. குடி அழித்த வீடுகள் எங்கள் தெருவிலும் உண்டு. அரசு மதுக்கடையும் அதே தெருமுனையில்தான் இருக்கிறது, அது வேறு விஷயம். நான் கேட்பது ஒன்றுதான்: தடுப்பதாக இருந்தால் அளந்து பார்த்துத் தடுங்கள், அனுமதிப்பதாக இருந்தாலும் அளந்து பார்த்து அனுமதியுங்கள்.

நண்பனின் தையல் பிரிந்துவிட்டது. இனிமேல் காய்ச்சமாட்டேன் என்கிறான். நான் நம்பவில்லை. அடுத்த தடவையும் பதுங்கித்தான் செய்வான். குறைந்தபட்சம் ஒரு ஹைட்ரோமீட்டராவது புதுசாக வாங்குடா என்றேன். ஆசிட்டில் போட்டதை எடுத்துட்டு வந்துடாதே.