உறையில் பெயரில்லாதவர்கள்

இலத்தீன் அமெரிக்கா என்றதும் நம் நண்பர்களின் கண்கள் ஒளிர்கின்றன. போர்ஹேஸ், மார்க்வெஸ், கொர்த்தசார் என்று பெயர்கள் வரிசையாக உதிர்கின்றன. மக்கொந்தோவில் பெய்த மழையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச ஆள் உண்டு. ஆனால் அதே நிலப்பரப்பின் மக்கள் இரவெல்லாம் எந்த இசைக்கு ஆடினார்கள், அந்த ஆட்டம் எங்கே உருவாயிற்று என்று கேட்டால் ஒரு புன்னகைதான் விடை. சல்சாவா, அது உடற்பயிற்சிக் கூடத்தில் சொல்லித்தருகிற ஆட்டமல்லவா என்பார்கள். சற்று விவரமறிந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், இசைதான் கலை, ஆட்டம் அதன் துணைவிளைவு, டிஜே என்பவர் பிறர் இசையைச் சுழற்றுபவர், நிகழ்ச்சி நடத்துபவர் வெறும் வணிகர் என்று தரம் பிரித்துத் தருவார்கள். இந்தத் தரப்பிரிப்பு பொய் என்பதே என் வாதம். ரசனை பற்றிய கருத்துவேறுபாடாக இதை நான் கருதவில்லை. இது வரலாற்றுப் பிழை.

நியூயார்க்கிலிருந்து தொடங்குவோம். பிராட்வேயும் 53ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் பல்லேடியம் என்றொரு ஆடரங்கு இருந்தது. 1940களின் பிற்பகுதியில் அங்கே கூட்டம் குறைந்துகொண்டிருந்தபோது, ஃபெடெரிக்கோ பகானி என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் மச்சிட்டோவின் இசைக்குழுவை அழைத்து இலத்தீன் ஆட்டப் பொழுதுகளை நடத்தலாம் என்றார். வெள்ளையரல்லாத கூட்டம் பிராட்வேக்கு வந்துவிடுமே என்ற தயக்கம் நிர்வாகத்துக்கு இருந்தது. கூட்டம் வந்தது; தயக்கம் போயிற்று. பின்னர் மச்சிட்டோ, டிட்டோ புவெந்தே, டிட்டோ ரோட்ரிகஸ் என்ற மூவரும் அந்த அரங்கின் பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்தார்கள். இசை வரலாறுகள் இந்த மூவரையும் கொண்டாடுகின்றன, நியாயம்தான். பகானிக்கு ஒரு வாக்கியம் கிடைத்தால் பெரிது.

அரங்கில் ஆடியவர்கள் யார்? கியூபன் பீட் என்று புகழ்பெற்ற பெட்ரோ அகிலார் பெயரில்தான் கியூபர், பிறப்பால் புவெர்ட்டோ ரிக்கோக்காரர். அவருடைய இணை மில்லி டோனே இத்தாலிய வழியில் வந்தவர். கறுப்பினத்தவரும் யூதரும் இத்தாலியரும் புவெர்ட்டோ ரிக்கோவினரும் ஒரே பலகைத் தரையில் ஆடிய காலம் அது. அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டம் 1964இல்தான் வந்தது என்பதை இங்கே நினைவிற்கொள்க. மேடையிலிருந்த தாளக்காரர்கள் தரையிலிருந்த கால்களைப் பார்த்து வாசித்தார்கள். நல்ல ஆட்டக்காரர் ஒரு திடீர் நிறுத்தம் செய்தால் திம்பாலே அதற்கு விடை சொல்லும். இந்த உரையாடலில் ஒரு பக்கத்தை மட்டும் ‘இசை’ என்று பதிவுசெய்துவிட்டு மறுபக்கத்தை விட்டுவிடுவது, வாதப்பிரதிவாதத்தில் ஒருவர் பேச்சை மட்டும் அச்சிட்டு விற்பதற்கு ஒப்பாகும். அரங்கு மதுபான உரிமத்தை இழந்து, 1966இல் மூடப்பட்டது. ஆடரங்குகள் போனபின் அந்தப் பெரிய இசைக்குழுக்கள் எத்தனை நாள் தாங்கின என்று பாருங்கள். இசைதான் மூலம், ஆட்டம் அதன் நிழல் என்றால், நிழலை அகற்றியதும் மூலம் ஏன் தளர்ந்தது?

இனி டிஜேக்கு வருவோம். இதற்கு நான் காட்டும் சான்று கொலம்பியாவின் காலி நகரம். (தமிழில் எழுதினால் வெறுமை என்று பொருள்படும் இந்த ஊர், உண்மையில் சல்சாவால் நிரம்பி வழிகிறது.) பசிபிக் கரையிலுள்ள புவெனவெந்துரா துறைமுகத்தின் வழியே, மாலுமிகளின் கைகளில் கியூபாவின் தட்டுகளும் நியூயார்க்கின் தட்டுகளும் அங்கே வந்து சேர்ந்தன. இசைக்குழுக்கள் வரவில்லை, தட்டுகள் வந்தன. ஆகவே தட்டை இயக்குபவரே அந்த ஊரின் இசைக்குழு. 1960களில் நியூயார்க்கின் பூகலூ இசை வந்தபோது காலியின் ஆட்டக்காரர்களுக்கு அது மந்தமாகத் தோன்றியது. டிஜேக்கள் நிமிடத்துக்கு 33 சுற்று ஓடவேண்டிய தட்டை 45 சுற்றில் ஓட்டினார்கள். வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. சுருதி ஏறத்தாழ ஐந்து அரைச்சுரம் மேலேறிப் பாடகரின் குரல் கீச்சிட்டது. அதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. அந்த வேகத்துக்குக் கால்கள் பழகின. இடுப்புக்குக் கீழே மின்னலாகவும் மேலே நிதானமாகவும் ஆடும் ஒரு முறை பிறந்தது. இன்று காலி பாணி என்று உலகமேடைகளில் பரிசுபெறும் ஆட்டம் இதுதான். இந்த ஆட்டத்தை இயற்றியவர் யார்? இசையமைத்தவரா? அவர் மெதுவாக அல்லவா இயற்றினார்! பாடியவரா? அவருடைய குரலே அங்கே அவருடையதாக இல்லை. ஒரு விசையைத் திருப்பிய கையும் அதற்கு ஈடுகொடுத்த கால்களும் சேர்ந்து செய்த படைப்பு இது. இரண்டுக்கும் உறையில் பெயர் இல்லை.

1960களின் இறுதியில் ரிச்சி ரே, பாபி க்ரூஸ் குழுவினர் காலியின் டிசம்பர் விழாவுக்கு வந்து வாசித்தபோது ஊரே திரண்டது. அதன்பின் அக்குழு அம்பாரோ என்ற காலி நகரத்து ஆட்டக்காரியின் பெயரிலேயே ஒரு பாட்டை வெளியிட்டது. ஆட்டக்காரி இசையைப் பின்தொடர்ந்தாள் என்று சொல்பவர்கள், இங்கே இசை ஆட்டக்காரியைப் பின்தொடர்ந்ததற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்? இலக்கியம் மட்டுமே சான்று என்பவர்களுக்கும் ஒன்று உண்டு. ஆந்த்ரேஸ் கைசெதோ என்ற காலி இளைஞர் ‘இசை வாழ்க’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நாவல் எழுதினார். வசதியான வீட்டுப் பெண்ணொருத்தி ராக் இசையிலிருந்து சல்சாவுக்கு, நகரத்தின் வடக்கிலிருந்து தெற்கே இறங்கிப்போகும் கதையை அவள் வாயாலேயே சொல்லும் நாவல். 1977இல் அது வெளிவந்த நாளையொட்டி, 25 வயதில், அவர் தற்கொலை செய்துகொண்டார். மார்க்வெஸின் நாட்டிலிருந்து வந்த இந்த நாவலைப் பற்றி நம்மிடையே எத்தனை பேர் பேசியிருக்கிறார்கள்? மாய யதார்த்தம் அதில் இல்லை என்பது காரணமாக இருக்கலாம். வியர்வைதான் இருக்கிறது.

நிகழ்ச்சி நடத்துபவரைப் பற்றிச் சொல்லும்போதுதான் எதிர்த்தரப்பு உற்சாகம் கொள்ளும். வணிகம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கெல்லாம் கைகழுவத் தோன்றிவிடுகிறது. ரால்ஃப் மெர்காடோவை எடுத்துக்கொள்வோம். புரூக்ளினில் இளைஞராக இருந்தபோது பெண்களின் இடுப்பளவைக் கொண்டு நுழைவுக்கட்டணம் கணக்கிடும் விருந்துகளை நடத்தித் தொழிலைத் தொடங்கியவர். இதை நான் மெச்சவில்லை, அருவருப்பான தந்திரம்தான். ஆனால் அதே மனிதர் பின்னாளில் மேன்ஹாட்டனின் சீட்டா அரங்கில் இலத்தீன் இரவுகளை நடத்தினார். அந்த அரங்கில்தான் 1971 ஆகஸ்ட் 26 அன்று ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் குழு வாசித்தது. லியோன் காஸ்ட் அதைப் படம்பிடித்து 1972இல் திரைக்குக் கொண்டுவந்தார். சல்சா தன்னை ஓர் இயக்கமாக உணர்ந்த இரவு என்று எல்லா வரலாறுகளும் குறிக்கும் இரவு அது. அந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். காமிரா மேடையில் மட்டும் நிற்பதில்லை, தெருவுக்கும் தரைக்கும் திரும்பத் திரும்ப வருகிறது. திரைப்பட இயக்குநருக்குத் தெரிந்தது விமர்சகர்களுக்குத் தெரியவில்லை.

சல்சா என்ற சொல்லே விற்பனைக்காக ஒட்டப்பட்டது என்பார்கள். ஆம், பெரும்பகுதி அப்படித்தான். சல்சா என்றால் சாஸ், அது சாப்பிடுவதற்கு, வாசிப்பதற்கன்று என்ற பொருளில் புவெந்தே கடைசிவரை கேலிசெய்துகொண்டிருந்தார். உறைகளை வரைந்தவரும், மேடையில் அறிவிப்பாளராக நின்றவரும், ‘லத்தீன் என்.ஒய்.’ இதழை நடத்தியவருமான இஸ்ஸி சனாப்ரியா அந்தச் சொல்லைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தார். அதனால் என்ன? பெயரிடுவதும் ஒரு செயல்தான். சிதறிக் கிடந்த சோன், மாம்போ, குவாராச்சா, பூகலூ என்ற பலவற்றுக்கு ஒரு கூரை கிடைத்தது. அந்தக் கூரையின்கீழ் கலைஞர்களுக்கு உரிய பங்குத்தொகை கிடைத்ததா என்றால், இல்லை என்று பல இசைக்கலைஞர்களே குற்றம் சாட்டியிருக்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டு தட்டு நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தைப் பற்றியது. அதைக் காட்டி ஒவ்வொரு ஊரிலும் கைப்பணம் போட்டு ஓர் இரவை நடத்துகிற சிறு அமைப்பாளரை அடிப்பது நேர்மையன்று.

ஏனெனில் அந்தச் சிறு அமைப்பாளர் பெரும்பாலும் ஆட்டக்காரராகத் தொடங்கியவர். நன்றாக ஆடக் கற்றபின், அரங்கில் போடுகிற பாட்டுகள் சரியில்லை என்று தானே தட்டு சேர்க்கத் தொடங்குகிறார், டிஜே ஆகிறார். பிறகு, அந்தப் பாட்டுகளைப் போட எவரும் இரவு தரவில்லை என்று தானே இடம் பிடிக்கிறார். கிடைப்பது வாரநாளில், கூட்டம் வராத ஓர் இரவு. நுழைவுச்சீட்டுப் பணம் அமைப்பாளருக்கு, குடிவகைப் பணம் மதுக்கூட உரிமையாளருக்கு என்பது பொதுவான ஏற்பாடு. சல்சா ஆடுபவர்கள் தண்ணீர்தான் குடிப்பார்கள். மூன்று மணி நேரம் சுழல்பவர்களால் வேறென்ன குடிக்க முடியும்? ஆகவே மதுக்கூடக்காரர் சில மாதங்களில் முகம் சுளிக்கிறார், அமைப்பாளர் வேறு இடம் தேடுகிறார். இவரை வணிகர் என்று எள்ளுபவர்கள், ஆண்டுக்கு இரண்டு இதழ் கொண்டுவந்து நட்டப்படும் நம் சிற்றிதழ் ஆசிரியரையும் வணிகர் என்றே சொல்லட்டும்.

நேரடி இசைக்குழுவைக் கொன்றது டிஜேதான் என்ற குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. பன்னிரண்டு பேருக்குக் கொடுக்கவேண்டிய சம்பளத்தில் ஒருவருக்குக் கொடுத்தால் போதும் என்று அரங்க உரிமையாளர்கள் கண்டுகொண்டார்கள். ஆனால் காலியைப் போலக் குழுக்களே வராத ஊர்களில் ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்ததும், பின்னால் குழுக்கள் வந்தபோது அவற்றைக் கேட்கக் காதுள்ள கூட்டத்தை ஆயத்தமாக வைத்திருந்ததும் அதே டிஜேக்கள்தான்.

எடி டோரஸ் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நியூயார்க்கின் ஸ்பானிஷ் ஹார்லமில் வளர்ந்தவர். ஆடரங்குகளில் பார்த்துப் பார்த்துக் கற்றவர். அற்புதமாக ஆடினார், ஆனால் எந்த எண்ணிக்கையில் ஆடுகிறோம் என்பதைச் சொல்லத் தெரியாது. ஜூன் லபெர்டா என்ற நடன ஆசிரியை அவரைக் கணக்குக்கு இழுத்தார். கொங்காவின் அறை விழும் இரண்டாம் அடியில் உடல் திசைமாறும் முறையை அவர் பின்னர் வகுப்புகளில் வகுத்துத் தந்தார்; அசைவுகளுக்குப் பெயரிட்டார்; புவெந்தேயின் குழுவோடு மேடையேறினார். இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கும் எனக்கு, ஒரு மொழிக்கு அதைப் பேசியவரே இலக்கணம் எழுதிய இந்நிகழ்வு மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை, குழல், யாழ் என்று வரிசைப்படுத்திவிட்டு, அரங்கின் அளவையும் விளக்கின் இடத்தையும்கூடச் சொல்லாமல் விடவில்லை. அந்நூலைப் பாடம் நடத்துபவர்கள், ஆட்டம் துணைவிளைவு என்றும் அரங்கு அமைத்தவர் வணிகர் என்றும் எப்படிக் கூசாமல் சொல்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. பகானிக்கு ஒரு வாக்கியம் போதாது. அந்த 45 சுற்று விசையைத் திருப்பிய காலியின் டிஜேக்களுக்கு அந்த ஒரு வாக்கியமாவது முதலில் கிடைக்கட்டும்.