மின்படகு: புதிய விதியும் சிறு படகுக்காரரும்

சாங்கி பாயிண்ட் படகு முனையத்தில் 12 பேர் சேர்ந்ததும் புலாவ் உபினுக்குப் படகு கிளம்பும். டீசல் வாடையும் இயந்திர இரைச்சலும் அந்தப் பயணத்தோடு சேர்ந்தவை.

2030 முதல் சிங்கப்பூர்த் துறைமுகக் கடற்பகுதியில் இயங்க வரும் புதிய துறைமுகப் படகுகள் முழுமையாக மின்சாரத்தில் ஓட வேண்டும். அல்லது 100 விழுக்காடு உயிரி எரிபொருளிலோ ஹைட்ரஜன் போன்ற எரிபொருளிலோ இயங்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது கடல்துறை, துறைமுக ஆணையம். 2050க்குள் நிகரக் கரிம வெளியேற்றத்தைச் சுழியமாக்குவது இலக்கு.

ஒரே தடத்தில் ஓடும் பயணிப் படகுக்கு இது எளிது. கரை சேரும்போது மின்னூட்டலாம். புலாவ் புக்கோமுக்கு 2023இலேயே மின்படகு வந்துவிட்டது. எந்நேரமும் அழைப்பு வரும், திடீரென முழு விசை தேவைப்படும் இழுவைப் படகுக்கோ மின்கலம் பெரும் சுமை.

அதைவிடப் பெரிய சிக்கல் விலை. மின்படகு வாங்க முதலில் கூடுதல் பணம் வேண்டும். எரிபொருள், பராமரிப்புச் செலவில் மிச்சம் பிடிப்பது பிறகுதான். பெரிய நிறுவனம் அதுவரை தாங்கும். ஒரே படகை நம்பிப் பிழைப்பவர் தாங்குவாரா? விதி புதிய படகுகளுக்குத்தான் என்பதால், பழையதையே பழுதுபார்த்து ஓட்டுவார். புகையும் நீடிக்கும். மின்னூட்ட வசதியும் கடனுதவியும் சிறு படகுத்துறைகள்வரை வந்தால்தான் விதிக்குப் பலன் கிடைக்கும்.