கூண்டுக்கு இருந்த கண்டிப்பு ராட்டினத்துக்கும் வேண்டும்

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டால் போதும். தங்கவயல் வீடுகளில் பிள்ளைகளுக்கு ஒரே பேச்சுத்தான். "அப்பா, ரோலர் கோஸ்டருக்கு எப்போ கூட்டிட்டுப் போறே?"

இது லேசான காரியம் அல்ல. மாரிகுப்பத்தில் விடிவதற்கு முன் ரயில் ஏற வேண்டும். பெங்களூரில் இறங்கி மைசூர் ரோடு பஸ்சைப் பிடிக்க வேண்டும். பிடதிக்குப் பக்கத்தில் 2005-ம் ஆண்டு முதல் நடந்து வரும் வொண்டர்லா பூங்காவுக்குப் போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறிவிடும். திரும்பி வரும்போது நள்ளிரவு. நுழைவுக் கட்டணம், வண்டிச் சத்தம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு மாத மளிகைக் கணக்கு வந்துவிடும்.

"இத்தனை பணம் கொடுத்துப் பயப்பட வேண்டுமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் வருஷம் முழுவதும் அதே ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன், ஒரு நாள் மனைவி மக்களோடு அதே ரயிலில் உட்கார்ந்து, புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு போகிறானே, அதை வீண் செலவு என்று சொல்ல மனம் வரவில்லை. வேலை செய்கிறவனுக்குக் கூலி மட்டும் போதாது. சிரிப்பதற்கும் ஒரு நாள் வேண்டும். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அந்த ஒரு நாளைத்தான் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள்.

ஆகவே போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போங்கள். ஆனால் பெரியவர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி இருக்கிறது. "அது பத்திரமானதா? யார் பார்த்து விடுகிறார்கள்?" அந்தக் கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது. ஏனென்றால், கேட்கிறவர் கூண்டில் இறங்கி வேலை பார்த்தவர்.

கூண்டில் இறங்கியவர்கள்

1880-ம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலையைத் தொடங்கியது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. இடையில் 120 வருஷம். வட ஆர்க்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து வந்த நம்முடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் ஏறி இறங்கினார்கள்.

சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. ஒரே இறக்கத்தில் அடி வரைக்கும் போய்விட முடியாது. ஒரு சாப்டில் இறங்கி, நடந்து போய், அடுத்த சாப்டில் மறுபடியும் இறங்க வேண்டும். அடியில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியசைத் தாண்டும்.

மணி அடித்ததும் கூண்டு இறங்கும். வயிறு மேலே எழும்பும். காது அடைக்கும். கண் முன்னால் இருட்டு ஓடும். இன்றைக்கு ரோலர் கோஸ்டரில் பிள்ளைகள் கூச்சல் போட்டு அனுபவிக்கிற அதே உணர்ச்சியை, அவர்களுடைய தாத்தா வாயை மூடிக்கொண்டு தினந்தோறும் அனுபவித்தார். அவருக்கு அதற்குக் கூலி கொடுத்தார்கள். பேரன் அதற்குக் கட்டணம் கட்டுகிறான். காலம் செய்த மாற்றம் இது!

சுரங்கம் பெற்ற பிள்ளை

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரோலர் கோஸ்டரின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அதுவும் ஒரு சுரங்கத்தில்தான் போய் நிற்கிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் மாக் சங்க் என்று ஓர் ஊர். மலை மேலே வெட்டிய நிலக்கரியைக் கீழே கால்வாய்க்குக் கொண்டுவர 1827-ம் ஆண்டில் அங்கே தண்டவாளம் போட்டார்கள். என்ஜின் கிடையாது. பாரம் ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே உருண்டு வந்தன. காலி வண்டிகளைத் திரும்ப மேலே இழுக்கக் கோவேறு கழுதைகள். அந்தக் கழுதைகளும் இறங்கும்போது வண்டியிலேயே ஏறி வந்தன! பிற்காலத்தில் கரி ஏற்ற வேறு பாதை வந்ததும், அதே பாதையில் காசு வாங்கிக்கொண்டு மனிதர்களை உருட்டிவிட்டார்கள். கூட்டம் அலைமோதியது.

அதற்குப் பிறகு 1884-ம் ஆண்டு நியூயார்க் கோனி தீவில், லமார்கஸ் தாம்சன் என்பவர் ஆளுக்கு 5 சென்ட் கட்டணத்தில் சறுக்கு ரயில் ஓட்டினார். பூங்காக்களில் ரோலர் கோஸ்டர் பரவியது அதிலிருந்துதான்.

1979-ம் ஆண்டு கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து பூங்கா திறந்த ஒரு ரோலர் கோஸ்டரின் கதை என்ன தெரியுமா? கைவிடப்பட்ட தங்கச் சுரங்கத்தில் தறிகெட்டு ஓடும் ரயில். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரில், மூடிய தங்கச் சுரங்கம் இருந்த இடத்திலேயே 'கோல்டு ரீப் சிட்டி' என்ற பூங்கா நடக்கிறது. ராட்டினத்திலும் ஏறலாம், பழைய சாப்டிலும் இறங்கிப் பார்க்கலாம். நம் ஊரிலோ மூடிய சாப்டுகளும் சயனைடு மண் மேடுகளும்தான் மிச்சம்.

கயிற்றைப் பார்த்த கண்

சுரங்கத்திலிருந்து பூங்காவுக்குத் தண்டவாளம் போயிற்று, சரிவு போயிற்று, பயமும் போயிற்று. போக வேண்டிய ஒன்று மட்டும் இந்த நாட்டில் இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. அதுதான் கண்டிப்பு.

1952-ம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் கூண்டு விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்த்ததில்லை. இரும்புக் கயிறு, கூண்டு, கொக்கி, பிரேக் எல்லாவற்றையும் தகுதி பெற்ற ஆள் தினமும் சோதிக்க வேண்டும். பக்க எண் போட்ட புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கயிற்றின் நுனியைக் காலந்தோறும் வெட்டிப் பார்த்து, மறுபடியும் பொருத்த வேண்டும். கயிறு பார்வைக்குப் புதிது போல இருந்தாலும், கெடு முடிந்ததும் ஆள் இறக்கும் வேலையிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும். ஒரு தடவைக்கு எத்தனை பேர் என்பதை சாப்ட் வாயிலில் எழுதி மாட்ட வேண்டும். சான்றிதழ் இல்லாதவன் வைண்டிங் என்ஜினைத் தொடக் கூடாது.

இத்தனை இருந்தும் சுரங்கம் உயிர்களைக் குடித்தது. பாறை வெடித்து மாண்டவர்கள் எத்தனையோ பேர். கல் தூசியை மூச்சில் வாங்கி, சிலிக்கோசிஸ் வந்து இருமி இருமி மாய்ந்தவர்கள் எத்தனையோ பேர். அது தனிக் கதை. அதன் பழியும் பெரிது. ஆனால் கூண்டை மட்டும் 'பார்க்காமல் இறக்காதே' என்று சட்டம் கட்டளை போட்டது. அந்தக் கட்டளையை நம்பித்தான் நம் வீட்டுப் பெண்கள் ஷிப்டுக்குச் சோறு கட்டிக் கொடுத்தார்கள்.

ராட்டினத்தை யார் பார்க்கிறார்கள்?

ரோலர் கோஸ்டர் ஒன்றும் மோசமான இயந்திரம் அல்ல. ஒழுங்காகச் செய்து, ஒழுங்காகப் பராமரித்தால் பத்திரமானதுதான். சங்கிலி வண்டியை மேலே இழுக்கும்போது 'டக், டக்' என்று கேட்கிறதே, அந்தச் சத்தமே ஒரு காவல்தான். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் பல் அது. தண்டவாளத்தின் மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று பக்கமும் கவ்விக்கொண்டு ஓடுவதால் தலைகீழானாலும் வண்டி விழாது. முன் வண்டி நகராமல் பின் வண்டி அந்தப் பகுதிக்குள் வராதபடி, ரயில்வே சிக்னல் போல ஏற்பாடும் உண்டு.

ஆனால் பல் தேயும். சக்கரம் தேயும். போல்ட் தளரும். இரும்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அதைத் தினமும் பார்க்க ஒரு கண் வேண்டும். பார்த்தவன் மேல் பொறுப்பைச் சுமத்த ஒரு சட்டம் வேண்டும்.

2019-ம் ஆண்டு ஜூலை மாதம் ஆமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில், ஆட்களோடு ஊசலாடிய ராட்டினம் முறிந்து விழுந்தது. 2 பேர் இறந்தார்கள். 25 பேருக்கு மேல் காயம். 2016-ம் ஆண்டு மே மாதம் சென்னைக்கு அருகே கிஷ்கிந்தா பூங்காவில் சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் சரிந்து, அங்கே வேலை பார்த்த ஒருவர் உயிரிழந்தார். 2022-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பஞ்சாப் மொகாலியில், பொருட்காட்சி மைதானத்து ராட்டினம் ஆட்களோடு உயரத்திலிருந்து விழுந்து பலர் அடிபட்டார்கள். 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் டெல்லியில் ஒரு பூங்காவில், ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து 24 வயதுப் பெண் ஒருவர் இறந்தார்.

ஒவ்வொரு தடவையும் என்ன நடக்கிறது? போலீஸ் வழக்குப் போடுகிறது. பூங்காவுக்குப் பூட்டுப் போடுகிறார்கள். விசாரணை என்கிறார்கள். நாலு நாளில் பேச்சு அடங்கிவிடுகிறது.

சுரங்கங்களுக்கு இருப்பது போல நாடு முழுவதற்கும் ஒரே சட்டமும், அதற்கென்று ஒரு தலைமை இயக்குநரகமும் ராட்டினங்களுக்கு இல்லை. தர நிர்ணய அமைவனத்தின் நெறிமுறைகள் உண்டு. பெரிய கம்பெனிகள் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவாவது அவற்றைக் கவனிக்கும். ஆனால் லாரியில் இரும்பை ஏற்றிக்கொண்டு வந்து, ராத்திரியோடு ராத்திரியாக மைதானத்தில் மாட்டி, மறுநாள் மாலை ஓட்டுகிற ராட்டினங்களின் கதி? நம்மில் பெங்களூர் வரை போக வசதி இல்லாத குடும்பங்கள், ஜாத்திரைக்கும் பொருட்காட்சிக்கும் போய் ஏறுவது அவற்றில்தானே! ஏழை வீட்டுப் பிள்ளையின் உயிருக்கு மட்டும் காவல் குறைவாக இருக்கலாமா?

நம் பங்கு

சர்க்காரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம்மிடமும் ஒரு வழக்கம் இருக்கிறது. உயரம் அளக்கும் கோலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஒரு அங்குலம்தானே தம்பி, விட்டுடுப்பா" என்று கெஞ்சுகிறோம். அவன் மறுத்தால், "காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறோம்!" என்று சத்தம் போடுகிறோம்.

அந்தக் கோல் அவமானப்படுத்த வைத்தது அல்ல. இருக்கையின் தடுப்புக் கம்பி எந்த உடம்பைப் பிடிக்கும், எந்த உடம்பை நழுவவிடும் என்று கணக்குப் போட்டு வைத்தது. கோலைப் பிடித்து நிற்கிற பையனும் நம்மைப் போல ஒரு தொழிலாளிதான். நாள் முழுக்க வெயிலில் நின்று சம்பளம் வாங்குகிறவன். சாப்ட் வாயிலில் நின்ற ஆள் "கூண்டு நிறைந்தது, அடுத்த நடைக்கு வா" என்று சொன்னபோது நம் தாத்தா அவனோடு சண்டைக்குப் போகவில்லை. அவன் சொல்லில் தன் உயிர் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே, கோல் வேண்டாம் என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடுத்த ராட்டினத்துக்குப் போங்கள். இருதய நோய், முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வீம்புக்கு ஏற வேண்டாம். கம்பி பூட்டவில்லை என்று பட்டால் வெட்கப்படாமல் கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள்.

செய்ய வேண்டியது என்ன?

மத்திய அரசு ராட்டினங்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும். இயந்திரம் தெரிந்த என்ஜினீயர்களை ஆய்வாளர்களாக நியமிக்க வேண்டும். ஆய்வு முடியாத ராட்டினத்துக்கு, அது பூங்காவில் இருந்தாலும் ஜாத்திரையில் இருந்தாலும், மின்சார இணைப்புக் கொடுக்கக் கூடாது. ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் இன்சூரன்சும் கட்டாயமாக வேண்டும்.

இன்னொன்று, செலவே இல்லாதது. ஒவ்வொரு ராட்டினத்தின் வாயிலிலும் ஒரு பலகை வைக்கட்டும். 'இன்று காலை இத்தனை மணிக்குச் சோதித்தது, சோதித்தவர் இன்னார்' என்று ஜனங்கள் படிக்கும் மொழிகளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கூண்டுக்கு ஒரு புத்தகம் இருந்தது. ராட்டினத்துக்கு ஒரு பலகையாவது இருக்கட்டும். பலகை இல்லாத இடத்தில், "இன்றைக்குப் பார்த்தீர்களா? யார் பார்த்தார்கள்?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். கேட்பது நம் உரிமை.

கர்நாடக அரசும் தமிழக அரசும் அடுத்த கோடை விடுமுறைக்குள் இந்தப் பலகை ஒன்றையாவது கட்டாயமாக்கலாம். மனம் இருந்தால் ஓர் உத்தரவு போதும். செய்வார்களா?