நீட் இல்லன்னா பயாலஜி வேஸ்ட்டா? பி.எஸ்சி சேரும் முன் பார்க்க வேண்டிய 2 விஷயங்கள்

விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில். ஆனால் பிளஸ் 2 ரிசல்ட் வந்த வீடுகளில் ஓடும் பேச்சே வேறு. "பயாலஜி குரூப் எடுத்தாச்சு. நீட்ல மார்க் வரல. இனி என்ன பண்றது?"

இந்தக் கேள்வி மண்டகப்பட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் பாதி, அதாவது 360, பயாலஜிக்குத்தான். அதனால் பயாலஜி என்றாலே டாக்டர் என்று வீட்டில் முடிவாகிவிடுகிறது. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் கண்ணெதிரே நிற்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு இருந்தாலும், எழுதியவர்களில் பெரும்பாலானோருக்கு சீட் கிடைப்பதில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் ரிப்பீட் பண்ணிவிட்டு, கடைசியில் கிடைத்த பட்டப்படிப்பில் அவசர அவசரமாகச் சேருகிறார்கள். சிக்கல் அந்த அவசரத்தில்தான் இருக்கிறது.

பட்டத்தின் பெயர் ஏன் முக்கியம்?

பள்ளியில் பயாலஜி ஒரே பாடம். கல்லூரிக்குப் போனால் அது தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி என்று பிரிந்துவிடும். 'பயோடெக்' என்றால் கெத்து, 'பாட்டனி' என்றால் பழசு என்ற நினைப்பு மாணவர்களிடம் உண்டு. வேலைக்கான அறிவிப்புகளைப் படித்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

2023 அக்டோபரில் ஆசிரியர் தேர்வு வாரியம் 2,222 பணியிடங்களுக்கு பட்டதாரி ஆசிரியர் அறிவிப்பு வெளியிட்டது. அதில் அறிவியல் பிரிவில் இருந்த பாடங்கள் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். மைக்ரோபயாலஜியும் பயோடெக்கும் தனிப் பாடமாக இல்லை. சில பட்டங்களை தாவரவியலுக்கோ விலங்கியலுக்கோ இணையாக ஏற்கும் அரசாணைகள் உண்டு. ஆனால் சேரப்போகும் பட்டத்துக்கு அப்படி ஒரு ஆணை இருக்கிறதா என்பதை மூன்று வருஷமும் பி.எட்-டும் முடித்த பிறகு தேடுவதில் அர்த்தமில்லை.

யு.பி.எஸ்.சி நடத்தும் இந்திய வனப்பணி தேர்விலும் இதே நிலைதான். தகுதிப் பாடங்களின் பட்டியலில் தாவரவியலும் விலங்கியலும் நேரடியாகவே இருக்கின்றன. பயோடெக், மைக்ரோபயாலஜி என்ற பெயர்கள் அதில் இல்லை.

அதற்காக அந்தப் படிப்புகள் வீண் என்று சொல்லிவிட முடியாது. மருந்து கம்பெனி, தரக்கட்டுப்பாட்டு லேப், ஆராய்ச்சி என்று போக நினைப்பவர்களுக்கு அதுதான் நேர் வழி. ஆனால் அந்தப் பாதையில் பி.எஸ்சி-யோடு நிறுத்தினால் பெரிய பலன் இருக்காது, எம்.எஸ்சி வரை போக வேண்டும். ஐ.ஐ.டி-களில் எம்.எஸ்சி சேர 'ஜாம்' நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதில் பயோடெக்னாலஜி ஒரு தாள். தாவரவியல், விலங்கியல் படித்தவர்களும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தமிழ்வழியா, ஆங்கிலவழியா?

பலரும் யோசிக்காமல் டிக் அடிக்கும் இடம் இது. தமிழக அரசுப் பணி நேரடி நியமனங்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20% இடங்களில் முன்னுரிமை உண்டு. 2010-ல் வந்த சட்டம் அது. பின்னர் வந்த திருத்தத்தின்படி, பட்டப்படிப்பு தகுதியாக உள்ள வேலைக்கு ஒன்றாம் வகுப்பில் இருந்து பட்டம் வரை மொத்தமும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும்.

அதாவது, பிளஸ் 2 வரை தமிழ்வழியில் படித்த ஒரு மாணவி 'இங்கிலீஷ் மீடியம்தான் நல்லது' என்று பி.எஸ்சி-யில் மாறினால், பட்டதாரி நிலைப் பணிகளில் அந்த 20 சதவீதத்தில் அவருக்கு இடமில்லை. 12 வருஷம் சேர்த்து வைத்த தகுதி ஒரே டிக்கில் போய்விடும்.

மறுபக்கமும் இருக்கிறது. ஜாம் தேர்வு ஆங்கிலத்தில்தான். ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் மாணவருக்கு தமிழ்வழி முதலில் சிரமம் தரும். ஆசிரியர் வேலையா, ஆராய்ச்சியா என்பதை ஓரளவாவது தீர்மானித்த பிறகு மீடியத்தைத் தேர்வு செய்வதுதான் சரி.

சான்றிதழில் எந்த பல்கலைக்கழகம்?

விழுப்புரம் மாவட்டத்தில் அடிக்கடி எழும் குழப்பம் இது. இங்குள்ள கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021 தொடக்கத்தில் விழுப்புரத்தை மையமாக வைத்து ஜெயலலிதா பல்கலைக்கழகம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதை அண்ணாமலை பல்கலைக்கழகத்துடன் இணைக்கும் மசோதா நிறைவேறியது. உயிரியல் மாணவர்களுக்கு இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. கடல் உயிரியலில் பெயர் பெற்ற பரங்கிப்பேட்டை ஆய்வு மையம் அண்ணாமலை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

விண்ணப்பம், உதவித்தொகை

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் திரு.ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி உள்ளிட்ட அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம், எந்த மீடியம் என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு புதுமைப்பெண், மாணவர்களுக்கு தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் அது கைகொடுக்கும்.

அறிவியல் படிப்புகளுக்கான தரவரிசை பிளஸ் 2-வின் நான்கு முக்கியப் பாடங்களை வைத்து 400 மதிப்பெண்ணுக்குப் போடப்படுகிறது. தமிழ், ஆங்கில மார்க் அதில் சேராது. நீட் மார்க்கும் கேட்க மாட்டார்கள்.