பாரமான சாமான் அசையாதாம்!

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டுக் குடும்பம் வீடு மாறுகிறது. பட்டா லொறியில் அலுமாரி, பிரிட்ஜ், படுக்கவைத்த காஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றியாயிற்று. கயிறு எங்கே என்று கேட்ட வீட்டுக்கார அம்மாவுக்கு, கொழும்பில் எல்லோருக்கும் மனப்பாடமான பதிலே கிடைத்தது: "இவ்வளவு பாரம் எங்க அக்கா அசையப்போகுது?" போதாக்குறைக்கு, ஒரு பொடியன் பின்னால் ஏறி அலுமாரியில் முதுகைச் சாய்த்துக்கொண்டான். அவன்தான் கயிறாம்.

பாரம் அசையாதா? 2013 ஏப்ரல் 29ஆம் திகதி ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து நேஷனல் எயார்லைன்ஸின் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று கிளம்பியது. உள்ளே ஐந்து கவச வாகனங்கள். அவற்றில் மூன்று தலா 18 தொன், இரண்டு தலா 12 தொன். பெல்ட்டும் போட்டிருந்தார்கள், ஆனால் முறையாகப் போடவில்லை. மேலெழும்பும்போதே பின்னால் நின்ற 12 தொன் வாகனம் கழன்று ஓடி வால்பகுதிக் கருவிகளை நொறுக்கியது. விமானத்திலிருந்த 7 பேரும் பலி.

பெல்ட் போட்ட 12 தொன் அசைந்தது. கயிறே இல்லாத பிரிட்ஜ் அசையாதாம்!

பாரம் கூடினால் உராய்வு கூடும், சரி. பிரேக் அடிக்கும்போது முன்னே தள்ளும் விசையும் அதே அளவில் கூடுகிறதே! ஐரோப்பிய நியமப்படி, லொறிச் சரக்கு முன்பக்கம் தன் எடையின் 80 வீத விசைக்கும், பக்கவாட்டிலும் பின்னுக்கும் 50 வீதத்துக்கும் நகராமல் நிற்க வேண்டும். லொறியில் ஏற்றும் ஒரு தொன் இரும்புக் கம்பிக்கு முன்பக்கம் மட்டும் 800 கிலோ விசை. சாரதியின் முதுகுக்குப் பின்னாலுள்ள தகரம் இதைத் தாங்குமா?

பழைய சோனகத் தெருவில் ஏற்றிய கம்பி கொட்டாஞ்சேனைப் பக்கம் வரும்போது பாருங்கள். பின்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் ஒரு சிவப்புத் துணி. 12 தொன்னைப் பெல்ட்டே பிடிக்கவில்லை. இங்கே துணி பிடிக்குமாம்! சிலிண்டரைப் படுக்கவைப்பது இன்னொரு கூத்து. படுத்த சிலிண்டரில் திரவ காஸ் பாதுகாப்பு வால்வுக்கே வந்து நிற்கும். அதனால்தான் நிமிர்த்திக் கட்ட வேண்டும்.

நாட்டாமைமாரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏற்றுகூலிக்கு ஐம்பது ரூபாய் குறைக்க அரைமணி நேரம் பேரம் பேசும் முதலாளி, கட்டுகூலி என்று ஒரு சதம் கொடுப்பாரா? வீடு மாறுபவர்களும் அப்படித்தான். சோபாவில் கீறல் விழுந்தால் சண்டை. அதன்மேல் குந்தியிருக்கும் பொடியனைப் பற்றிக் கேள்வியே இல்லை.

லொறிக்காரரும் ஏழையல்ல. முன்னால் கலர் லைற், கண்ணாடியில் சாமிப்படம், ஊருக்கே கேட்கும் செற். இறுக்கிப் பிடிக்கும் நாலு பெல்ட் வாங்கத்தான் கையில் காசில்லை.