கணவாய் வறுவலும் இரண்டு மத்ஹபும்



கீழக்கரைப் பெண் ஒருத்தி திருச்சிப் பக்கம் ராவுத்தர் வீட்டுக்கு மருமகளாகப் போகிறாள். பிறந்த வீட்டில் ஷாஃபி மத்ஹப்; கணவாய் வறுவல் என்றால் உயிர். புகுந்த வீட்டில் ஹனஃபி. கணவாய் அடுப்பேறவே கூடாது. யாராவது ஒரு வாட்ஸ்அப் வீடியோவை அனுப்புவார்கள்: “ஹதீஸ் தெளிவா இருக்கு, அப்புறம் என்ன பேச்சு?”

அவ்வளவு சுலபமா?

கடலில் செத்ததும் ஹலால் என்ற நபிமொழியைக் கடல்வாழ் உயிர்களுக்குப் பொதுவாக எடுத்தார்கள் ஷாஃபி இமாம்கள். செத்தவற்றில் ஆகுமானவை மீனும் வெட்டுக்கிளியும் என்ற அறிவிப்பை முன்வைத்து, கடலில் மீன் மட்டுமே என்றார்கள் ஹனஃபிகள். இறால் மீன்தானா என்பதில் ஹனஃபிகளுக்குள்ளேயே இரண்டு கருத்து. ஷாஃபிகளிலும் அப்படித்தான்: நண்டை ‘மின்ஹாஜ்’ நூலில் ஹராம் என்ற இமாம் நவவி, ‘மஜ்மூஃ’ நூலில் தவளை தவிர கடலில் உள்ளதெல்லாம் ஆகும் என்ற கருத்தையே சரி என்கிறார்!

இன்னொன்று பாருங்கள். கடலில் செத்து மிதக்கும் மீனை உண்ணாதீர்கள் என்று ஜாபிர் (ரலி) வழியாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு. பசியில் வாடிய படையினர் கரையொதுங்கிய பெரிய மீனைப் பல நாள் உண்டார்கள், நபி (ஸல்) அவர்களும் அதில் உண்டார்கள் என்று புகாரி, முஸ்லிமில் வருகிறது. அதைச் சொன்னவரும் அதே ஜாபிர்தான்.

ஹனஃபிகள் இரண்டையும் இணைத்தார்கள்: கடல் வெளியே தள்ளியது வேறு, தானாகச் செத்து மிதப்பது வேறு. மற்றவர்கள் அறிவிப்பாளர் தொடரை எடைபோட்டார்கள்: முதலாவது ஜாபிரின் சொந்தச் சொல்லாகவே பலர் வழியாக வந்திருப்பதை அபூதாவூதே குறித்திருக்கிறாரே!

இரு தரப்புக்கும் ஹதீஸ் தெரியும். இணைக்க முடியுமா, எது முந்தியது, எது வலுவானது என்று பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் வழி பிரிந்தது. ஒரு நிமிட வீடியோவில் இதெல்லாம் அடங்குமா?

ஆகவே, “ஹதீஸ் இருக்கிறதா?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “எதிர்த்தரப்பு இந்த ஹதீஸை எப்படிப் புரிந்துகொண்டது?” என்றும் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். நம் கேள்வி-பதில் பகுதியிலும் இனி தீர்ப்போடு காரணமும், மறு மத்ஹபின் ஆதாரமும் வரும்.

மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை: கணவாய் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மருமகளை ஹராம் தின்றவள் என்று சொல்ல உரிமை இல்லை.