ஏரியும் கோப்பையும்

செம்பரம்பாக்கம் ஏரிக்கும் காற்பந்துக் கோப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாக நம் பேரில் குற்றமும் சாட்டலாம். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். சம்பந்தம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் பந்தய விதியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

இந்தியன் சூப்பர் லீக் என்னும் காற்பந்துப் பந்தயம் 2014-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 12-ஆம் தேதி ஆரம்பமாயிற்று. முதல் வருஷம் எட்டுக் கோஷ்டிகள் கலந்துகொண்டன. ஒவ்வொரு கோஷ்டியும் மற்ற ஏழு கோஷ்டிகளோடும் இரண்டு முறை, அதாவது சொந்த ஊரில் ஒரு முறையும் எதிரியின் ஊரில் ஒரு முறையும் மோத வேண்டும். ஆகப் பதினான்கு ஆட்டங்கள். ஜயித்தால் 3 புள்ளி. சமமாக முடிந்தால் 1 புள்ளி. இவ்வளவும் ஆடி முடித்த பிறகு அதிகப் புள்ளி பெற்றவர்களிடம் கோப்பையைக் கொடுத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாமல்லவா? அதுதான் கிடையாது. முதல் நான்கு இடங்களைப் பெற்றவர்கள் மறுபடியும் மோத வேண்டும். தோற்றவர் வெளியே, ஜயித்தவர் உள்ளே. கடைசியில் நிற்கிறவருக்கே கோப்பை.

இங்கிலாந்தில் 1888-ல் லீக் பந்தயம் தோன்றிய நாள் முதல் புள்ளியில் முதலாவதாக வந்தவரே அங்கே சாம்பியன். வெளியேற்றுப் பந்தயத்துக்கு அதற்கும் முன்பிருந்தே தனியாக ஒரு கோப்பை வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்லை. அமெரிக்காவில் 1996-ல் ஆரம்பித்த லீக்கிலோ, முதலில் வந்தவர்களுக்கு ஒரு கேடயம் கொடுத்துத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கோப்பையை வெளியேற்றுப் பந்தயத்துக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். நம் தேசத்தார் காற்பந்தை இங்கிலாந்துக்காரரிடம் கற்றுக்கொண்டாலும், கோப்பை கொடுக்கும் விஷயத்தில் அமெரிக்காவையே பின்பற்றினார்கள்.

நம் ஊர்க் கோஷ்டியின் பெயர் 'சென்னையின் எப்.சி.' என்பது. 'சென்னையின்' என்றால் சென்னையின் எது என்று தமிழ்ப் பண்டிதர்கள் கேட்கக்கூடும். அந்த முதல் வருஷம் கோஷ்டியார் அதற்கு ஒரு விடை வைத்திருந்தார்கள்: சென்னையின் பெருமை! 23 புள்ளிகளுடன் பட்டியலில் முதலிடம் அவர்களுடையது. 19 புள்ளிகளுடன் நான்காவதாக வந்த கேரளா பிளாஸ்டர்ஸ் கோஷ்டியுடன் அரை இறுதிப் பந்தயம். டிசம்பர் 13-ஆம் தேதி கொச்சியில் கேரளத்தார் மூன்று கோல் போட்டார்கள். நம்மவர் ஒன்றும் போடவில்லை. 16-ஆம் தேதி சென்னை ஜவஹர்லால் நேரு மைதானத்தில் மறு ஆட்டம். அன்று 90 நிமிஷத்திற்குள் நம்மவர் மூன்று கோல் போட்டுக் கணக்கைச் சமமாக்கினார்கள். அரங்கம் அதிர்ந்தது. கூடுதல் நேரம் கொடுத்தார்கள். 117-வது நிமிஷத்தில் கேரளத்தின் ஸ்டீபன் பியர்ஸன் ஒரு கோல் போட்டார். இரண்டு ஆட்டமும் சேர்த்து 4-3. சென்னைக்கு இருந்த ஆசை அதோடு தீர்ந்தது.

அன்றிரவு சென்டிரலிலிருந்து ஆவடிக்குப் புறப்பட்ட மின்சார ரயிலில் நாமும் இருந்தோம். வண்டி நிறைய ஜனங்கள்; பேச்சு மட்டும் இல்லை. பேஸின் பிரிட்ஜ் தாண்டிய பிறகு ஒரு கல்லூரி மாணவன் வாயைத் திறந்தான்.

"என்ன அநியாயம் இது! பதினாலு ஆட்டம் ஆடி முதலாவதாக வந்தவனுக்கு ஒன்றும் கிடையாது. நாலாவதாக வந்தவன் இறுதிப் பந்தயத்துக்குப் போகிறான். அப்படியானால் பதினாலு ஆட்டம் எதற்கு?"

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் போலிருந்தார். "தம்பி! வருஷம் முழுவதும் முதல் மார்க்கு வாங்கின பையன் பெரிய பரீட்சையன்றைக்குக் கோட்டை விட்டதை நீ பார்த்ததில்லையா?" என்றார்.

"அதுவும் அநியாயந்தானே, தாத்தா?" என்றான் பையன்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. அதற்குள் அம்பத்தூர் வந்துவிட்டது. நாமும் இறங்கிவிட்டோம். பையன் சொன்னதுதான் சரி என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்கு நடந்தோம்.

மறு வருஷம் நிலைமை தலைகீழாக மாறிற்று. 2015-ல் சென்னைக் கோஷ்டி பந்தயத்தின் நடுவில் பட்டியலின் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. இத்தாலியரான பயிற்சியாளர் மார்க்கோ மாட்டராஸிக்கு இந்த ஊரில் இனி வேலையில்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிறகு என்ன நேர்ந்ததோ, கடைசி நான்கு ஆட்டங்களையும் வரிசையாக ஜயித்து மூன்றாவது இடத்தைப் பிடித்துவிட்டார்கள். அரை இறுதியில் கொல்கத்தாக் கோஷ்டியுடன் மோத வேண்டும். முதல் ஆட்டம் சென்னையில்.

இப்போதுதான் ஏரி வருகிறது.

பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரிக்கு முழு ஆழம் 24 அடி. நவம்பர் மழையிலேயே அது நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த பேய்மழையில், ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரையில் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அந்தத் தண்ணீர் முழுவதையும் அடையாறு கொள்ளவில்லை. கரையோர ஜனங்கள் மொட்டை மாடிகளில் இரவைக் கழித்தார்கள். மேற்குப் புறநகர்களிலும் ஏரித் தண்ணீர் தெருக்களில் புகுந்தது. விமான நிலையத்தைச் சில நாள் மூடிவிட்டார்கள். இந்த நிலையில் நகரத்தில் பந்தயம் நடத்துவது எப்படி? சென்னையில் நடக்க வேண்டிய அரை இறுதி ஆட்டம் புனாவுக்கு மாற்றப்பட்டது.

வெளியேற்றுப் பந்தயத்தில் சொந்த மைதானம் என்பது லேசான சொத்தல்ல. சொந்த ஜனங்களின் ஆரவாரம் இன்னொரு ஆட்டக்காரனுக்குச் சமானம் என்பார்கள். அந்தச் சொத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இருந்தும் டிசம்பர் 12-ஆம் தேதி, சென்னையிலிருந்து நெடுந்தூரத்திலுள்ள அந்த மைதானத்தில், நம்மவர் கொல்கத்தாவை 3-0 என்று ஜயித்தார்கள். கொல்கத்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 2-1 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என்று இறுதிப் பந்தயத்துக்குப் போனார்கள்.

டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவிலே இறுதிப் பந்தயம். எதிரிகள் கோவாக் கோஷ்டியார், பட்டியலில் முதலிடம் பெற்றவர்கள், மைதானமும் அவர்களுடையது. 87-வது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முந்திக்கொண்டது. கோவா ஜனங்கள் வாண வேடிக்கைக்கு ஆயத்தமாகியிருப்பார்கள். 90-வது நிமிஷத்தில் கோவாவின் கோல் காப்பாளரின் மேல் பட்டுப் பந்து அவருடைய வலைக்குள்ளேயே புகுந்தது. அடுத்த இரண்டு நிமிஷத்துக்குள் கொலம்பியா தேசத்து ஸ்டிவன் மெண்டோஸா மூன்றாவது கோலைப் போட்டார். கோப்பை சென்னைக்கு!

அந்தக் கோப்பை ஒரு வீட்டையும் உலர்த்தவில்லை; நனைந்துபோன ஒரு பாடப்புத்தகத்தையும் மீட்டுத் தரவில்லை. ஆயினும் ஈர மெத்தைகளை மாடிக் கைப்பிடிச் சுவரில் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த எத்தனையோ குடும்பங்கள், மூன்று வாரத்தில் முதல் தடவையாக அன்றிரவு வாய்விட்டுச் சிரித்தன. அதன் மதிப்பை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் ஒரு விஷயம். மூன்றாவதாக வந்த கோஷ்டிக்குக் கோப்பை போய்விட்டதே, முதலாவதாக வந்த கோவாவுக்கு இது அநியாயமல்லவா என்று அன்று அம்பத்தூரிலாவது ஆவடியிலாவது ஒருவர் கேட்டதாகத் தகவல் இல்லை. நாமும் கேட்கவில்லை. முந்தின டிசம்பரில் அநியாயமாயிருந்த அதே விதி, இந்த டிசம்பரில் தெய்வச் செயலாகிவிட்டது!

2018-லும் இதே கதைதான். அந்த வருஷம் பெங்களூர்க் கோஷ்டி 40 புள்ளிகளுடன் முதலிடம். நம்மவர் 32 புள்ளிகளுடன் இரண்டாமிடம். மார்ச்சு 13-ஆம் தேதி சென்னையில் கோவாவை 3-0 என்று ஜயித்த அரை இறுதியில் ஒரு கோல் தனபால் கணேஷ் போட்டது. அவர் வியாசர்பாடிப் பிள்ளை. ஆவடி ரயில் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் நிற்கும்போதெல்லாம் அந்தக் கோல் நம் நினைவுக்கு வருகிறது. 17-ஆம் தேதி இறுதிப் பந்தயத்தில், பெங்களூரின் சொந்த மைதானத்திலேயே, 3-2 என்று இரண்டாம் முறை கோப்பையைக் கொண்டு வந்தார்கள். எட்டுப் புள்ளி முன்னால் நின்ற பெங்களூர்க்காரர்கள் அன்றிரவு தங்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்க முடியும். நாமே பேசியதுதானே!

அப்படியானால் வெளியேற்றுப் பந்தயத்தையே எடுத்துவிடலாமா? கூடாது என்பது நமது அபிப்பிராயம். 1911-ஆம் வருஷம் ஜூலை 29-ஆம் தேதி கல்கத்தாவில் மோகன் பாகான் கோஷ்டியார், ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலுடன் ஆடி, பூட்ஸ் அணிந்த கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தாரை 2-1 என்று தோற்கடித்ததைத் தேசம் இன்னும் மறக்கவில்லை. அந்தக் கேடயப் பந்தயம் வெளியேற்று முறையில் நடந்ததுதான். மாதக்கணக்கில் புள்ளி சேர்க்கும் பந்தயத்தில் பணமும் ஆள் பலமும் உள்ளவன் கடைசியில் மேலே வந்துவிடுவான். ஒரு நாள் பந்தயத்திலோ, இல்லாதவனுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவை அடைத்துவிட்டால் விளையாட்டிலும் பணக்காரன் ராஜ்யந்தான்.

நல்ல வேளையாக, 2019-20 முதல் பட்டியலில் முதலிடம் பெற்றவர்களுக்கென்று தனியாக ஒரு கேடயம் ஏற்படுத்தினார்கள். வருஷ முழுவதும் உழைத்தவனுக்குக் கேடயம். அந்த நேரத்தில் நெஞ்சுரம் காட்டியவனுக்குக் கோப்பை. இரண்டையும் ஒரே வருஷத்தில் பெறுவதும் அசாத்தியமல்ல. 2021-ல் மும்பைக் கோஷ்டி பெற்றது. 2025-ல், வெறுங்காலுடன் ஆடியவர்களின் பரம்பரையான மோகன் பாகானே பெற்றது.

அதற்காக வருகிறவருக்கெல்லாம் கதவைத் திறந்துவிடவும் கூடாது. 2022-23 முதல் நான்கு பேருக்குப் பதில் ஆறு பேரை வெளியேற்றுப் பந்தயத்துக்கு அழைத்தார்கள். 2024-ல் பன்னிரண்டு கோஷ்டிகளில் ஆறாவதாக வந்த நம்மவரும் அப்படித்தான் உள்ளே போனார்கள். ஏப்ரல் 20-ஆம் தேதி கோவாவிடம் 2-1 என்று தோற்றுத் திரும்பினார்கள். நம்முடைய சொந்தக் கோஷ்டியே ஆனாலும் சொல்கிறோம்: பாதிப் பேருக்கு இடம் கொடுத்தால் பட்டியலுக்கு மதிப்பேது?

இன்னொன்றும் உண்டு. 2025 ஜூலையில், பந்தயம் நடத்தும் உரிமை பற்றிய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத காரணத்தால், அடுத்த லீக்கை நிறுத்தி வைத்திருப்பதாக அறிவிப்பு வந்தது. கோப்பை யாருக்கு நியாயம் என்று நாம் வாதாடிக்கொண்டிருக்க, பந்தயமே இல்லாமற் போய்விடுமோ என்று ஆட்டக்காரர்கள் பிழைப்பை எண்ணிக் கவலைப்பட்டார்கள். சுவர் இருந்தால்தானே சித்திரம்? புள்ளிப் பந்தயம் ஒழுங்காக நடந்தால்தான் வெளியேற்றுப் பந்தயத்துக்கும் பொருள் உண்டு. வியாசர்பாடியிலும் ஆவடியிலும் பந்து உதைக்கும் சிறுவர்களுக்கு ஏறிப்போக ஒரு படிக்கட்டும் உண்டு.

2014-ல் ரயிலில் கேள்வி கேட்ட அந்த மாணவன் இன்று குடும்பஸ்தனாகியிருப்பான். பெரியவர் சொல்லாமல் விட்ட பதிலை அவர் சார்பில் நாம் சொல்கிறோம். தம்பி, நீ அன்று சொன்னது நியாயந்தான். ஆனால் அதே நியாயத்தைக் கோவாவில் நாம் ஜயித்த இரவிலும் பெங்களூரில் ஜயித்த இரவிலும் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த தடவை நம்மவர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்து கோப்பையைத் தூக்கினால், உன் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆனந்தமாய்க் கூத்தாடு. கூத்தாடி முடித்ததும், முதலாவதாக வந்து தோற்றவர்களுக்காகவும் எழுந்து நின்று ஒரு தடவை கைதட்டு. குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்.